நிறுத்தத் தெரிந்தவன்

அந்த அக்கா முதன்முதலாக என் மேசைக்கு வந்தது, போனில் வந்த ஒரு செய்தியைப் படித்துச் சொல்லக் கேட்டுத்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பில் அடிப்பது, சரக்குப் பட்டியல் அனுப்புவது, பிரிண்டர் மக்கர் செய்தால் தட்டிக்கொட்டி ஓட வைப்பது எல்லாம் நான்தான். அக்கா முற்றத்தில் சுக்கு காயப்போட்டுத் தரம் பிரிக்கும் பெண்களில் ஒருவர். தேனிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இங்கேயே பிறந்தவன். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். இதை எழுதுகிற தமிழ் எழுத்துகூட முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். ஆனாலும் ஆபீஸில் தமிழ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், முற்றத்துப் பெண்கள் ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

"தம்பி, இதுல என்ன எழுதிருக்குன்னு பாருங்க. காலையிலேர்ந்து செவப்பா வந்து நிக்குது, போகவே மாட்டேங்குது."

ஆங்கிலத்தில் இருந்தது. நேற்று மதியம் பணியிட எல்லைக்கு வெளியே அனுமதித்த நேரத்தைவிட அதிக நேரம் இருந்தீர்கள், இது முதல் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு பணி முடியும். படித்துத் தமிழில் சொன்னேன். அக்கா முந்தானையால் போன் திரையைத் துடைத்தார். துடைத்தால் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தச் செயலி வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. இடப்பள்ளியில் இருக்கும் தலைமை அலுவலகம் அனுப்பியது. வேலைக்கு வருகிறவர் எல்லோர் போனிலும் அது இருக்க வேண்டும். ஆள் கிடங்கின் எல்லைக்குள் இருந்தால் எங்கள் மானேஜர் கம்ப்யூட்டரிலும் இடப்பள்ளியிலும் தெரியும் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. வெளியே போனால் சிவப்பு. போனை அணைத்தாலோ, இருப்பிடத்தை நிறுத்தினாலோ உடனே புகார் போய்விடும். போனைக் கிடங்கிலேயே வைத்துவிட்டுப் போவதும் நடக்காது. நினைத்த நேரத்தில் மணி அடித்து முகத்தைக் காட்டு என்று கேட்கும். ஐந்து நிமிடத்துக்குள் காட்டாவிட்டால் அதற்கும் ஒரு எச்சரிக்கை. சுமை தூக்குகிறவர்கள் மட்டும் தப்பினார்கள். யூனியன்காரர்கள் நாலு பேர் வந்து, எங்கள் ஆட்கள் போனில் இது ஏறாது என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தோடு சரி. மாட்டிக்கொண்டது ஏஜெண்ட் மூலம் வந்த ஒப்பந்தக்காரர்களும் ஆபீஸ்காரர்களும்.

அந்தச் செயலியை அத்தனை போனிலும் ஏற்றியது நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"மத்தியானம் எங்கக்கா போறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குத்தான். அவுகளுக்கு யாரு சோறு போடுவா?"

அக்காவின் புருஷன் கட்டட வேலைக்காரர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது, கைகளும் பாதிதான் வேலை செய்கின்றன. கிடங்கிலிருந்து அவர்கள் அறைக்கு நடந்து போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சாப்பாட்டு நேரம் அரை மணி. போக, வர, சோறு ஊட்ட, துணி மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க. எப்படிக் கூட்டினாலும் ஒரு மணி நேரம் வந்துவிடும். முன்பெல்லாம் சூப்பர்வைசர் சேட்டன் இதைப் பார்த்தும் பாராதவர் மாதிரி இருந்துவிடுவார். பதிலுக்கு அக்கா காலைச் சாயாவுக்கும் மாலைச் சாயாவுக்கும் எழுந்திருக்க மாட்டார். மற்றவர்கள் கண்ணாடித் தம்ளரோடு நிழலில் நிற்கும்போது அவர் மட்டும் வெயிலில் குனிந்து சுக்கைப் புரட்டிக்கொண்டிருப்பார். சேட்டனுக்குக் கணக்கு சரியாக இருந்தது. செயலிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

இரண்டாவது எச்சரிக்கை அடுத்த வாரமே வந்தது. மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "எடோ, ஒருத்தருக்கு விட்டால் எல்லோருக்கும் விடணும். என் கையில் இல்லை, இடப்பள்ளியில் இருக்கு" என்று மலையாளத்தில் சொல்லி, கையை மேலே காட்டினார். இடப்பள்ளி ஆகாயத்தில் இருப்பதுபோல.

அன்று மாலை வீட்டில் என் போனை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு செயலியை நிறுத்த, செட்டிங்ஸில் அதன் பக்கத்தைத் திறந்து ஃபோர்ஸ் ஸ்டாப் அமுக்கினால் போதும். இந்தச் செயலிக்கு அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது. ஏற்றும்போதே போனின் நிர்வாக உரிமையை வாங்கிக்கொள்ளும் ரகம். தொட்டால் அசையவில்லை. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்தேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, முதலில் போனில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டேன். நீண்ட பெயர்கள் வரிவரியாக ஓடின. அதில் நம்முடையதைக் கண்டுபிடித்து, நிறுத்தும் கட்டளைக்குப் பின்னால் அந்தப் பெயரை அடித்து, என்டர் தட்டினேன். ஒன்றுமே நடக்கவில்லை. சரி என்றோ தவறு என்றோ ஒரு சொல்கூட வரவில்லை, அடுத்த வரியில் வெறும் கோடு மட்டும் துடித்தது. போனைப் பார்த்தால் மேலே எப்போதும் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன அடையாளம் காணாமல் போயிருந்தது. செத்துவிட்டது. நாமாகத் திறக்கும்வரை எழுந்திருக்காது.

மறுநாள் மானேஜர் இல்லாத நேரம் அவர் கம்ப்யூட்டரில் வரைபடத்தைப் பார்த்தேன். என் புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது. புகார் எதுவும் இல்லை. சாம்பல் புள்ளி எங்கள் கிடங்கில் சகஜம். வெட்டுக்கல் சுவர்கள் அத்தனை கனம், மிளகு அறைக்குள் போனால் எந்த போனுக்கும் சிக்னல் கிடைக்காது.

அன்றிலிருந்து அக்கா மதியம் மணி அடித்ததும் என் மேசைக்கு வருவார். போனை வாங்கிக் கேபிளைச் செருகுவேன். கட்டளையைத் தயாராக வைத்திருப்பேன், ஒரு என்டர்தான். "செத்துருச்சா தம்பி?" என்பார். "செத்துருச்சு, போய்ட்டு வாங்க" என்பேன். ஓட்டமும் நடையுமாகப் போவார். திரும்பி வந்து வாசலில் நின்றே செயலியைத் திறந்துகொள்வார். புள்ளி பச்சையாகும். மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை.

இதை அவருக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் அது பொய். இரக்கம் பாதி, திமிர் பாதி. இடப்பள்ளிக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பூட்டியதை மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து ஒரு விரலால் திறக்கிறேன் என்கிற திமிர். பெரிய படிப்புப் படித்தவன் இல்லை நான். ஒரு வருஷ டிப்ளமோ. அந்தத் திமிரில்தான் வேன் ஓட்டும் ஆளுக்கும் செய்து கொடுத்தேன். அப்புறம் பேக்கிங்கில் ஒருவருக்கு. அப்புறம் சுக்குப் பெண்களில் இன்னும் இருவருக்கு. இவர்களுக்கெல்லாம் அவசரம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒருவருக்கு சிகரெட், ஒருவருக்கு மீன் வாங்க வேண்டும். கேட்டார்கள், செய்தேன். "எங்க ஆளு கில்லாடி" என்று வேன்காரர் சாயாக்கடையில் சொன்னாராம். எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொரு தவறும் செய்தேன். கேபிள் வழியாகக் கட்டளை போக வேண்டுமானால் போனில் மறைவாக இருக்கும் ஒரு அமைப்பைத் திறந்து விட வேண்டும். வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். தினமும் திறந்து மூட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பேறித்தனப்பட்டு, ஐந்து போனிலும் அதைத் திறந்தே வைத்திருந்தேன்.

தினமும் ஒரே நேரத்தில் ஐந்து புள்ளிகள் சாம்பலாகின்றன என்பதை இடப்பள்ளியில் யாரோ கவனித்துவிட்டார்கள். ஒருநாள் காலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து இறங்கினார். என்னைவிட இளையவர். மானேஜர் அறையில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நேராக என் மேசைக்கு வந்தார்.

"இங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறது நீயல்லே? இந்த அஞ்சு பேரோட போனையும் வாங்கித் தா. நீயே நோக்கிச் சொன்னால் மதி."

என்னையே பார்க்கச் சொன்னார். போன்களை வாங்கி வந்து மேசையில் வரிசையாக வைத்தேன். நெட்வொர்க் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் போனை எடுத்து நேராக அந்த மறைவான பக்கத்துக்குப் போனார். திறந்திருந்தது. இரண்டாவதும் திறந்திருந்தது. ஐந்தையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கொள்ளாம்" என்றார், பரவாயில்லையே என்கிற மாதிரி. "இது ஆராணு செய்தது?"

ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். வேன்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது, போன் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். பேக்கிங்காரரும் அதையே சொன்னார். இரண்டு பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக அக்கா. அக்காவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும், மார்க்கெட்டில் சண்டை போடும் அளவுக்கு. ஆனால் அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. காத்திருந்தார். சுக்கு முற்றத்தில் யாரோ தார்ப்பாயை இழுக்கும் சத்தம் கேட்டது.

நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை, காலிப் படிவம் ஒன்று திறந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அக்கா தமிழில் பேசினார்.

"ஒரு மொபைல் கடையில செஞ்சு குடுத்தாங்க. எனக்குத்தான் மொதல்ல செஞ்சாங்க. இவுகளுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "அவரு எந்தா பறயுன்னே?"

நான் மொழிபெயர்த்தேன். மலையாளத்தில், ஒரு சொல் விடாமல். ஒரு கடையில் செய்து கொடுத்ததாகச் சொல்கிறார், மற்றவர்களுக்கும் இவர்தான் சொல்லிக் கொடுத்தாராம். குரல் பிசிறவில்லை. பில் வாசிப்பதுபோல வாசித்தேன்.

"எந்தக் கடை என்று கேள்."

"எந்தக் கடைன்னு கேக்கறாரு, அக்கா."

"மறந்துபோச்சுன்னு சொல்லுங்க தம்பி."

அதையும் சொன்னேன்.

மற்ற நால்வருக்கும் எச்சரிக்கை. அக்காவை அன்றே அனுப்பிவிட்டார்கள். ஏஜெண்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான். தூக்குவாளியையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டியபோது சாப்பாட்டு மணி இன்னும் அடித்திருக்கவில்லை. அன்றைக்காவது நேரத்தோடு வீட்டுக்குப் போகிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. அப்படி நினைத்ததற்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்க சொல்லிருந்தா உங்க வேலையும் போயிருக்கும், அவங்க வேலையும் போயிருக்கும். அதுல ஆருக்கு என்ன லாபம்?" என்றாள். நியாயமான பேச்சு. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறையை விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு சந்துக்குள் வரிசையாக ஆறேழு அறைகள். கதவு திறந்தே இருந்தது. அக்கா வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "உள்ள வாங்க" என்றார்.

கட்டிலில் அவர் புருஷன். பெரிய எலும்புக்காரர், ஒரு காலத்தில் நல்ல பலசாலியாக இருந்திருப்பார். டெட்டால் வாசனையையும் மீறி வேறொரு வாசனை அறையில் இருந்தது.

"யாரு?" என்றார்.

"குடோன்ல கம்ப்யூட்டர் பாக்குற தம்பி" என்றார் அக்கா.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்ப்பதுபோலத் தலையைத் தூக்கினார். "அந்தத் தம்பியா! வாங்கய்யா, உக்காருங்க. உங்க புண்ணியத்துலதான அத்தன நாளும் மத்தியானச் சோறு சூடா தின்னேன். சொல்லிக்கிட்டே இருப்பா. என்ன செய்ய, குடோன்ல ஆள் கொறச்சுட்டாகளாம்ல? உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

ஆள் குறைப்பு என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

அக்கா இப்போது ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். காலையில் போனால் திரும்ப மாலை ஆகிவிடும். மதியம் வர முடியாது. காலையிலேயே ஊட்டிவிட்டுப் போகிறார், நடுவில் அடுத்த அறைக்காரம்மா தண்ணீர் மட்டும் கொடுக்கிறார். புரட்டிப் போட ஆள் இல்லாமல் முதுகில் புண் வந்துவிட்டது. இதையெல்லாம் அவர் புருஷன்தான் சொன்னார், ஊர்க்கதை பேசுவதுபோல. அக்கா சாயா போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

கிளம்பும்போது சந்து முனை வரைக்கும் கூடவே வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"வேணாம் தம்பி" என்றார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுவீகன்னு நின்னு பாத்தேன். சொல்லல. சரி, பிள்ளகுட்டிக்காரரு, பயம். அதுக்காகத்தான் நானே சொன்னேன். என் வேல எப்பிடியும் போகும்னு தெரிஞ்சுபோச்சு, ரெண்டு பேருக்கும் எதுக்குப் போகணும்னு. ஆனா நான் சொன்னத அந்த ஆளுகிட்ட அப்பிடியே எடுத்துச் சொன்னீக பாருங்க. ஒரு எழுத்து பெசகாம. அத நெனச்சாத்தான் எனக்கு இன்னும் தாங்கல."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனிமே இங்க வராதீங்க. வந்தா அவுக ஒவ்வொரு வாட்டியும் உங்களக் கும்பிடுவாக. அத நான் பாத்துக்கிட்டு நிக்கணும்."

திரும்பி நடந்துவிட்டார்.

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு வாரம் மனதுக்குள் எழுதிப் பார்த்து, கடைசியில் ஒரு கடிதம் எழுதினேன். மலையாளத்தில், ஒரு பக்கம். செய்தது நான், அந்தப் பெண்மணி என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார், அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி. மனைவியிடம் சொல்லவில்லை. மானேஜர் அறைக்குள் போய்க் கொடுத்தபோது, உயரத்திலிருந்து குதிக்கிறவனுக்கு இருக்கும் தைரியம் எனக்கு இருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முடித்துவிட்டு நாலாக மடித்தார்.

"எடோ, இது நமக்கு முன்பே தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இந்தக் கிடங்கில் அதெல்லாம் செய்யத் தெரிந்தவன் வேறே ஆரு? வந்த பையன் அஞ்சு போனையும் பார்த்து முடித்த உடனே என்னிடம் வந்து சொன்னான். உன்னை அனுப்பிவிட்டால் வேறே ஆளைத் தேடணும், பழக்கணும், கம்ப்யூட்டர் எல்லாம் ஸ்தம்பிச்சுப் போகும். சுக்கு பொறுக்க நாளைக்கே ஆள் வரும். அவளாகவே ஒரு கதை சொன்னாள், எழுதிக்கொண்டோம். எல்லோருக்கும் எளுப்பமாயி, லேசாகப் போச்சு." கடிதத்தை என் சட்டைப் பையில் அவரே செருகினார். கிட்டத்தட்ட அன்பாக. "இதை வெளியே ஆரிடமும் காட்டண்டா. போய் வேலை நோக்கு."

ராஜினாமா செய்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. எழுந்து வாசல் வரை போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பின்னே, செயலி புது வெர்ஷன் வந்திருக்கு. கேபிள் குத்தினால் அப்பவே இடப்பள்ளிக்கு மெசேஜ் போகும். நாளைக்கு எல்லோருடைய போனிலும் ஏத்தணும். கேட்டோ?"

மறுநாள் ஏற்றினேன். முற்றத்துப் பெண்கள் வரிசையில் வந்து ஒவ்வொருவராகப் போனை நீட்டினார்கள். அக்காவின் இடத்துக்கு ஏஜெண்ட் அனுப்பிய புதுப் பெண் கடைசியில் நின்றாள். தென்காசிப் பக்கமாம், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவள் போனில் நிர்வாக உரிமை கேட்கும் பக்கம் வந்து நின்றது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

"அண்ணே, இது என்னன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "கீழே இருக்கறத அமுக்கு."

அமுக்கினாள்.